நடுவுல தொடங்குற போர்வை



மலருக்கு ஒவ்வொரு குழுவும் தங்கள் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை தரணும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். எங்க குழுவில் என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள். நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்க செய்வது குரோஷா போர்வை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கப் போய், எங்க குழுவுக்கு வந்த ஒரு நஷ்டத்துக்கும் அந்தச் சரித்திரத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் போர்வை என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நம்ம வீடுகள்ல டிவி மேல, செம்பு மேல போட்டிருப்பாங்களே, பூப் பூவா வெள்ளை நூல் பின்னல், அதுதான் குரோஷா. நுனியில் கொக்கி வச்ச ஒரே ஒரு ஊசி போதும். அதே வேலையை உல்லன் நூல்ல பெருசா போட்டா போர்வை. அமெரிக்காவில் இந்த மாதிரி பின்னல் போர்வைக்கு ஆப்கன் என்று பேர். ஆப்கானிஸ்தான் விரிப்பு, சால்வை மாதிரி பல நிறமா இருந்ததால அந்தப் பேர் வந்தது.

இதில் ஓரத்திலிருந்து வரிசை வரிசையா போடுறது ஒரு விதம். நடுவுல இருந்து வெளியே வளர்க்கிறது இன்னொரு விதம். நாங்க போடுறது இரண்டாவது. நாலு செயின் போட்டு முதல் செயினோட இணைச்சா ஒரு சின்ன வளையம் வரும், மோதிர விரல்கூட நுழையாது. அந்த வளையத்துக்குள்ள மூணு மூணு டபுளா நாலு கொத்து போடணும். ஒவ்வொரு கொத்துக்கு நடுவுலயும் இரண்டு செயின் விட்டா அது ஒரு மூலை. நாலு மூலை வந்ததும் வட்டமா ஆரம்பிச்சது சதுரமாகிவிடும். அடுத்த சுத்துல ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து, ஆக 8 கொத்து. மூணாவது சுத்துல 12. இப்படி ஒவ்வொரு சுத்துக்கும் நாலு நாலு கொத்து கூடிக்கொண்டே போகும். புள்ளி வச்சு நடுவுல இருந்து கோலத்தை விரிக்கிற மாதிரிதான். எந்தச் சுத்துல வேணும்னாலும் நிறம் மாத்தலாம், எந்தச் சுத்துல வேணும்னாலும் நிறுத்தலாம். இந்த நாலு நாலா கூடுற கணக்கை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் வேணும்.

இந்தக் கொக்கி ஊசி வேலை ஐரோப்பாவில் பெரிய அளவில் பரவியது 1840களில். அதுக்கு ஒரு காரணம் பசி. அயர்லாந்து நாட்டில் 1845-ல் உருளைக்கிழங்குச் செடிக்கு நோய் வந்து விளைச்சல் அழிந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. அடுத்த சில வருஷத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்துப்போனார்கள். அந்தச் சமயத்தில் கன்னியாஸ்திரி மடங்களிலும் பாதிரியார் வீடுகளிலும் பெண்களுக்கு குரோஷா லேஸ் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். க்ளோன்ஸ் என்கிற ஊரில் பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-ல் இதைத் தொடங்கினார். ஒரு வீட்டில் ரோஜா, ஒரு வீட்டில் இலை என்று தனித்தனியா போட்டு, பிறகு எல்லாத்தையும் இணைத்து விற்பார்கள். அந்தக் காசில் பல குடும்பம் சாப்பிட்டது. ஆண்களுக்கு வயல்ல வேலை இல்லாத காலத்துல வீட்டுப் பெண்களோட ஊசிதான் அடுப்பை எரிய வச்சிருக்கு.

நாங்க போடுற சதுரம் 1885-ல் அமெரிக்காவில் ஒரு விவசாயப் பத்திரிகையில் வந்ததாம். பத்திரிகையின் பேர் 'ப்ரெய்ரி ஃபார்மர்'. அச்சில் வந்த முதல் மாதிரி அதுதான் என்று சொல்கிறார்கள். பிறகு அதுக்கு 'பாட்டி சதுரம்' என்று பொருள் வர்ற மாதிரி கிரானி ஸ்கொயர் என்று பேர் வந்தது. மிச்சம் மீதி நூலை வீணாக்காமல் சின்னச் சின்ன சதுரமா போட்டு வைப்பார்கள், சேர்ந்ததும் போர்வையாக இணைப்பார்கள். நம்ம பாட்டிமார் பழைய புடவையை அடுக்கித் தைத்துக் குழந்தைக்குப் போடுவாங்களே, அதே புத்தி.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த இங்கிலாந்து மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், அங்கே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அதிலேயே லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அது கொக்கி ஊசி இல்லை. தலையணை மாதிரி ஒன்றின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுத்தின குச்சிகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுவது. ஆனால் வீட்டுப் பெண் கைவேலையால் சம்பாதிப்பது என்பதில் நமக்கு அது மூத்த கதை. அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். இதைப் படிச்சபோது எனக்கு எங்க குழுவின் சேமிப்பு நோட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைங்க ஒவ்வொரு காசையும் எப்படி எண்ணி வச்சிருப்பாங்க!

கொக்கி ஊசி குரோஷா பெரிய தொழிலாக நடக்கிற ஊர் நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திராவில் கோதாவரி ஆற்று ஓரத்தில் நரசாபூர். அங்கேயும் மிஷனரிகள்தான் 19-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வியாபாரிகள் கையில் போய் வெளிநாட்டு ஏற்றுமதி ஆனது. 2024-ல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம்ம காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கிற மாதிரி.

அந்தப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்கிற ஜெர்மன் நாட்டு அம்மா அங்கேயே போய் ஆராய்ச்சி செய்து 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் இருக்கிற விஷயம் என் மனசைக் குத்தியது. அந்தப் பெண்கள் சமையல், தண்ணீர், பிள்ளை எல்லாம் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் தினமும் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் லேஸ் போட்டார்கள். ஒருத்தி பூ மட்டும் போடுவாள், இன்னொருத்தி இணைப்பாள். வெளிநாட்டுக்குப் போய் நல்ல விலைக்கு விற்ற பொருள் அது. ஆனால் அவர்கள் கைக்கு வந்தது அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலியை விடவும் மிகக் குறைவு. காரணம் என்ன? அவர்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவே இல்லை. இல்லத்தரசி, சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகப் போடுகிறாள் என்றே சொன்னார்கள். ஏற்றுமதிப் பணத்தை எண்ணிய வியாபாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இப்போது எங்க குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வியாபாரி அண்ணன் வந்து குழந்தைப் போர்வை பத்து வேண்டும், பரிசுப் பொருள் கடைக்கு என்றார். இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. எங்க கணக்குக்கு அது 20 சுத்து. விலை சொல்லுங்க என்றார். எங்களுக்குச் சந்தோஷம், முதல் ஆர்டர். நான் ஒரு சாம்பிள் போட்டுப் பார்த்தேன். 10 சுத்து வரை போட்டேன். மூணு மணி நேரம் ஆச்சு, 70 கிராம் நூல் ஆச்சு. 20 சுத்துன்னா இரண்டு மடங்குதானே என்று ஆறு மணி நேரம், 140 கிராம் என்று கணக்குப் போட்டேன். மணிக்கு 30 ரூபாய் கூலி 180. நூல் 100 கிராம் 80 ரூபாய் என்றால் 112. மொத்தம் 292. சரி 300 என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். தலைவி அக்காவும் நானும் செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி பாரிமுனைக்குப் போய் ஒண்ணரைக் கிலோ நூல் வாங்கி வந்தோம். பத்துப் போர்வைக்கும் போதும், கொஞ்சம் மிச்சம்கூட ஆகும் என்று நினைப்பு.

அஞ்சாவது போர்வை முடிஞ்சு ஆறாவது பாதியிலேயே நூல் தீர்ந்துபோச்சு. யாரோ நூலை எடுத்துட்டாங்கன்னு குழுவுக்குள்ள பேச்சு வந்தது. ஒரு தங்கச்சி அழுதுட்டா. மறுபடி போய் வாங்கினால் அதே நிறம் கிடைக்கவில்லை, கொஞ்சம் வெளிறின நிறம்தான் கிடைத்தது. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து போட்டோம். ஒவ்வொரு போர்வைக்கும் பதினொன்றரை மணி நேரம் ஆனது. நூல் 270 கிராம் ஆனது. நூலுக்கு 216 ரூபாய் போனால் 300-ல் மிச்சம் 84. பதினொன்றரை மணி நேரத்துக்கு 84 ரூபாய் என்றால் மணிக்கு ஏழு ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால்கூட இதைவிடக் கிடைத்திருக்கும்.

சரக்கு கொடுக்கும்போது தலைவி அக்கா நிலைமையைச் சொல்லி, நூல் காசாவது கொஞ்சம் கூட்டிக் கொடுங்கண்ணே என்று கேட்டார்கள். அவர், "விலை நீங்க சொன்னதுதானேம்மா" என்றார். அது நியாயம், அதில் நாங்க வாய் திறக்க முடியாது. அதோட விட்டிருக்கலாம். "வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல போடறதுதானே, இதுக்கு என்னம்மா மணிக்கணக்கு" என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். ஒரு மணி நேரம் கூட இருந்தால் அது ஓ.டி. என்று எழுதப்படும், சம்பளத்தில் வரும். நான் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அவருக்கும் பிள்ளைக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்து, மாமியாருக்குப் பார்த்து, மதியம் இரண்டு மணிக்குத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். அதுக்குப் பேர் சும்மா இருக்கிற நேரமா? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நரசாபூர் கதையை அதுக்கப்புறம்தான் படிச்சேன். அந்த அம்மாக்களுக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் எங்களுக்கும் சொல்லியிருக்கார்.

ஆனால் நூல் எங்கே போச்சு என்கிற கேள்வி பாக்கி இருந்தது. குழுவில் யாரும் எடுக்கவில்லை என்று தெரியும். எட்டாவது படிக்கிற என் பொண்ணுதான் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினாள். அம்மா, முதல் சுத்துல 4 கொத்து, இரண்டாவதுல 8, மூணாவதுல 12, பத்தாவது சுத்துல 40. எல்லாம் கூட்டினால் 10 சுத்துக்கு 220 கொத்து. 20-ஆவது சுத்தில் மட்டும் 80 கொத்து இருக்கு, 20 சுத்தும் கூட்டினால் 840. முதல் பாதிக்கு 220, இரண்டாம் பாதிக்கு 620. பத்துச் சுத்து முடிஞ்சா பாதி வேலை முடிஞ்சதுன்னு நினைச்சியே, கால்வாசிதான்மா முடிஞ்சிருந்தது என்றாள்.

நம்ம ஊரில் மனை விற்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். இருபதுக்கு இருபது மனை 400 சதுர அடி. நாற்பதுக்கு நாற்பது என்றால் 800 இல்லை, 1,600 சதுர அடி. பக்கம் இரண்டு மடங்கானா பரப்பு நாலு மடங்கு. மனைக்குத் தெரிஞ்ச கணக்கைப் போர்வைக்குப் போடத் தெரியலை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பேப்பரை எல்லோருக்கும் காட்டினேன். என் கணக்குதான் தப்பு, யாரும் நூலை எடுக்கலைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அழுத தங்கச்சியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பரப்பு என்று சொன்னதும் சென்னையில் நடந்த ஒரு பெரிய விஷயத்தையும் சொல்லணும். மதர் இந்தியாஸ் க்ரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் அமைப்பு, சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கியது. 2016 ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் அவர்கள் உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வையைக் காட்டி கின்னஸ் சாதனை செய்தார்கள். அதற்கு முந்தின சாதனை தென் ஆப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பேரில் ஏழைகளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கிற பெண்களிடம் இருந்தது. சென்னைப் போர்வை 11,148.5 சதுர மீட்டர். நம்ம கணக்கில் 1,20,000 சதுர அடி, அதாவது 50 கிரவுண்டு. இதை ஒரே ஆள் ஒரே இடத்தில் போடவில்லை. பல ஊரில், பல நாட்டில் இருக்கிற பெண்கள் அவரவர் வீட்டில் போட்டு அனுப்பியதை ஒன்றோடு ஒன்று இணைத்தார்கள். டிசம்பர் வெள்ளம் வடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. பிறகு பிரித்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு இதில் பெருமைதான். கூடவே ஒரு யோசனையும் வந்தது. அத்தனை வீட்டில் நடந்த வேலையை ஒரே நாள் ஒரே தரையில் விரிச்சு அளந்ததால்தான் உலகம் அதை வேலைன்னு ஒத்துக்கொண்டது. தனித்தனி வீட்டில் மடிச்சு வச்சிருந்தால் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம்ம சுய உதவிக் குழுவும் அப்படித்தானே? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தமிழ்நாட்டுக் குழுக்கள் தொடங்கினபோது பெண்கள் கையில் இருந்தது அஞ்சறைப் பெட்டிக் காசு. அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேங்க் நம்மை உட்காரச் சொன்னது. காசை எழுதப் பழகிட்டோம். நேரத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை.

அதனால் எங்க குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு பக்கம். யார் போட்டது, எத்தனை சுத்து, எத்தனை கிராம் நூல், எத்தனை மணி நேரம் என்று அன்றன்றைக்கே எழுதணும். பிள்ளை அழுதால் எழுந்து போன நேரத்தைக் கழித்து, ஊசி கையில் இருந்த நேரம் மட்டும். மூத்த அக்கா ஒருத்தங்க, "இதெல்லாம் எதுக்குடி, கைவேலையைப் போய் கடிகாரம் பார்த்துப் போடுவாங்களா" என்று சலிச்சுக்கிட்டாங்க. இப்போ அவங்க பக்கம்தான் ரொம்பச் சுத்தமா இருக்கு.

அந்தக் கணக்குப்படி 20 சுத்துப் போர்வைக்கு நூல் 216, கூலி 345, ஆக 561 ரூபாய். அந்த வியாபாரி அண்ணன் அதற்கப்புறம் வரவில்லை. 561-க்கு யார் வாங்குவாங்க என்று எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அப்போதும் அந்தக் கொத்துக் கணக்குதான் வழி காட்டியது. 14 சுத்து வரை கூட்டினால் 420 கொத்து. 840-ல் சரி பாதி. பக்கம் ஒன்றே முக்கால் அடி வரும், கைக்குழந்தையை ஏந்திக்கொள்ள, நாற்காலி மேல் போட அது போதும். நூல் 108, கூலி 172, மொத்தம் 280. ஆகவே 300 ரூபாய்க்கு வேணும்னு யாராவது கேட்டால் இப்போது நாங்க கூலியைக் குறைப்பதில்லை, சுத்தைக் குறைக்கிறோம். நடுவுல இருந்து வளர்கிற போர்வைக்கு அந்த வசதி இருக்கிறது. வளைகாப்புக்குச் சொன்ன ஒரு வீட்டுக்கு அப்படித்தான் மூணு கொடுத்தோம். ஒரு டீச்சர் 20 சுத்தே வேணும் என்று சொல்லி, நோட்டைப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் 561-ம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆர்டர் இன்னும் நிறைய வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் வந்ததில் ஒன்றுகூட நஷ்டம் இல்லை.

இன்னொன்று தெரிஞ்சுக்கோங்க. துணி நெய்ய மெஷின் இருக்கு, ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கு. குரோஷாவை நம்ம கை மாதிரியே போட்டுத் தள்ளுற மெஷின் கம்பெனிகளில் கிடையாது. கடையில் எந்தக் குரோஷாவைப் பார்த்தாலும், அது எந்த நாட்டில் இருந்து வந்திருந்தாலும், ஒரு ஆள் உட்கார்ந்து கொத்துக் கொத்தா போட்டதுதான். ரொம்ப மலிவா இருந்தால் யாரோ ஒரு அக்காவுக்கு மணிக்கு ஏழு ரூபாய் கிடைச்சிருக்கு என்று அர்த்தம்.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பாய் முடைகிறவர்கள், மசாலா அரைக்கிறவர்கள், தையல் போடுகிறவர்கள் எல்லாக் குழுவும் இந்த மாதிரி ஒரு நேர நோட்டு வைக்கணும். மாதக் கூட்டத்தில் சேமிப்பு நோட்டோடு அதையும் படிக்கணும். விலை சொல்வதற்கு முன்னால் பாதி இல்லை, முழுசா ஒரு பொருள் செய்து பார்த்துவிட்டுச் சொல்லணும். எங்களுக்கு வந்த நஷ்டம் உங்களுக்கு வர வேண்டாம். குரோஷா கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் செவ்வாப்பேட்டைக்கு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் எங்க வீட்டுத் திண்ணையில்தான் இருப்போம். ஊசி நாங்க தருகிறோம், நோட்டு மட்டும் நீங்க கொண்டு வாங்க.



இப்படிக்கு,
குழு உறுப்பினர்,
செவ்வாப்பேட்டை.